பயணம் எதைக் கற்பிக்கிறது?
கல்விச் சுற்றுலா பற்றிய நீண்ட விவாதம்: கிண்ணியாவில் நின்று ஒரு மீள்பார்வை

வினா

பிள்ளைகளை அவர்கள் பழகாத மக்களிடமும் பழகாத நிலத்துக்கும் அழைத்துச் சென்றால் கல்வி நிகழ்கிறதா? நிகழ்கிறதென்றால் எதனால் நிகழ்கிறது? கடந்து போன தூரமா, கண்ட காட்சியா, சந்தித்த மனிதர்களா, திரும்பி வந்தபின் வகுப்பில் நடக்கும் உரையாடலா? மெய்யியலாளரும் ஆசிரியரும் ஆட்சியாளரும் பல நூற்றாண்டுகளாக இதற்கு வெவ்வேறு விடைகளைச் சொல்லி வந்திருக்கிறார்கள். வசதி படைத்த நாடுகளின் பாடசாலைகள் இன்று தம் மாணவரைக் கடல் கடந்து அயல்நாட்டுக் கிராமங்களுக்கும் காடுகளுக்கும் அனுப்புகின்றன. இலங்கைப் பாடசாலைகள் ஆண்டுக்கொரு தடவை பஸ் பிடித்துப் போகும் கல்விச் சுற்றுலாவும் அந்த நம்பிக்கையில் பிறந்ததுதான். அளவும் செலவும் வேறுபடுகின்றன, எதிர்பார்ப்பு ஒன்றே.

இக்கட்டுரை அந்த விடைகளைத் தொகுத்து, அவற்றின் பிறப்பையும் பலவீனத்தையும் கிண்ணியாவில் நின்று எடைபோட முயல்கிறது. கிண்ணியாவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கொட்டியாரக் குடாவை அண்டிய இந்த ஊரில் முஸ்லிம்களே பெரும்பான்மை. இங்கிருந்து ஒரே பகலில் போய்த் திரும்பக்கூடிய தொலைவில் கோணேசர் கோயில் இருக்கிறது, சேருவிலை விகாரை இருக்கிறது, 1620களில் போர்த்துக்கேயர் கட்டிய பிரெட்ரிக் கோட்டை இருக்கிறது, நிலாவெளிக்கு அப்பால் பவளப்பாறை சூழ்ந்த புறாத்தீவு இருக்கிறது. பெரும் செலவில் தேடிப் போகும் பண்பாட்டுப் பன்மையும் இயற்கைச் செழிப்பும் இங்கே அயலிலேயே உள்ளன. அப்படியிருந்தும் அயலவரை அறியாமலே ஒரு பிள்ளை பாடசாலைக் காலத்தை முடித்துவிட முடியும். பயணத்தின் பயன் பற்றிய கேள்வி இங்கே கூர்மையடைவது அதனால்தான்.

முதல் விடை: பயணமே பாடம்

அறிவு தேடிப் பயணம் போவதை இஸ்லாமிய மரபு ‘ரிஹ்லா’ என்று போற்றியது. ஹதீஸ்களைத் திரட்டப் புகாராவிலிருந்து ஹிஜாஸ், ஈராக், எகிப்து என்று அலைந்த இமாம் புகாரியின் வாழ்வு அதற்கு முன்மாதிரி. அந்த மரபின் புகழ்பெற்ற பயணியான இப்னு பதூதா 1344இல் இலங்கைக்கு வந்தார். புத்தளக் கரையில் இறங்கி ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். மன்னரின் உதவியோடு, யோகிகளும் பிராமணரும் துணைவர, பாவா ஆதம் மலைக்கு ஏறினார். முஸ்லிம்கள் ஆதம் நபியின் பாதம் என்றும், பௌத்தர் ஸ்ரீபாதம் என்றும், சைவர் சிவனொளிபாதம் என்றும் போற்றும் மலை அது. வேறு மொழியும் வேறு சமயமும் கொண்டோரின் வழித்துணையோடு தன் சமயத்தின் புனித இடத்தை ஒருவர் அடைந்ததற்கு இந்தப் பயணம் பழைய சான்று.

ஐரோப்பாவில் பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுச் செல்வந்தர் தம் மகன்மாரைப் பிரான்சுக்கும் இத்தாலிக்கும் நீண்ட சுற்றுலா அனுப்பினர். ரூசோ 1762இல் வெளியிட்ட ‘எமிலி’ நூலின் இறுதிப் பகுதியில் பயணத்தைக் கல்வியின் அங்கமாக வைத்தார். ஆனால் எல்லோருக்கும் அது நன்மை தராது, உறுதியான மனம் உள்ளவருக்கே பயன்படும் என்றும் எச்சரித்தார். ஜப்பானில் 1886இல் டோக்கியோ ஆசிரியப் பயிற்சிப் பாடசாலை மாணவர்கள் சிபா பகுதிக்கு மேற்கொண்ட நெடுநடைப் பயணம் பிற்காலப் பாடசாலைச் சுற்றுலாக்களின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. படைப்பயிற்சியும் கள ஆய்வும் கலந்திருந்த அந்தப் பழக்கம் பின்னர் நாடு முழுவதும் பரவியது. போருக்குப் பிந்திய தலைமுறைகள் ஹிரோஷிமாவையும் நாகசாகியையும் நேரில் கண்டு கற்க அதுவே வழியமைத்தது.

இந்த விடைக்கு இரண்டு குறைகள் உள்ளன. ஒன்று, பயண வாய்ப்பு நெடுங்காலம் வசதியுள்ள ஆண்களின் உரிமையாகவே இருந்தது. மற்றது, பயணி தான் ஏற்கெனவே நம்பியதையே போன இடத்திலும் கண்டு திரும்பக்கூடும். ஓர் ஊரின் உள்வாழ்வு விளங்கக் காலம் வேண்டும். 1660இல் கொட்டியாரத்தில் கண்டி மன்னரின் ஆட்களிடம் பிடிபட்ட ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கழித்தார். 1681இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் வரலாற்றாசிரியருக்குப் பயன்படுவதற்கு அந்த நீண்ட வாசமே அடிப்படை. சிறைவாசத்தைக் கல்விக்கு மாதிரியாக்க முடியாது. ஆனாலும் மூன்று நாள் சுற்றுலாவில் ஒரு பண்பாட்டில் ‘மூழ்கி எழுந்ததாக’ச் சொல்வது எவ்வளவு மிகையானது என்பதை அந்த ஒப்பீடு காட்டிவிடுகிறது.

இரண்டாம் விடை: இயற்கையே ஆசான்

தாகூர் 1901இல் சாந்திநிகேதனில் தொடங்கிய பள்ளியில் மர நிழலே வகுப்பறையாயிற்று. இயற்கையிடமிருந்து பிரிந்த கல்வி குறைக்கல்வி என்ற அவருடைய எண்ணம் இலங்கையிலும் வேரூன்றியது. 1934இல் ஹொரணையில் ஸ்ரீபாலி நிறுவனத்துக்கு அவரே அடிக்கல் நாட்டினார். ஜெர்மானியக் கல்வியாளர் குர்ட் ஹான் வேறொரு திசையிலிருந்து வந்தார். 1941இல் வேல்சின் அபர்டோவியில் அவர் தொடங்கிய பயிற்சி, போர்க்காலத்தில் கப்பல் மூழ்கினால் இளம் கடலோடிகள் பிழைத்துக்கொள்ளும் மனவலிமையை வளர்ப்பதற்கானது. மலையும் கடலும் தரும் கடினம் ஒருவரின் குணத்தை உருவாக்கும் என்ற அந்தக் கொள்கை இன்று பல நாடுகளின் வெளிக்களக் கல்வியில் வாழ்கிறது. அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் லூவ் 2005இல், இயற்கையிடமிருந்து விலகி வளரும் பிள்ளைகளின் உடலும் மனமும் பாதிக்கப்படுவதாக எழுதியபின் இந்த வாதம் மீண்டும் வலுப்பெற்றது. ஆனால் அவர் சொன்ன குறைபாடு மருத்துவ வரையறை பெற்ற நோயன்று. சமூகத்தை எச்சரிக்க அவர் சூட்டிய பெயராகவே அதைக் கொள்ள வேண்டும்.

இந்த விடையின் பலவீனம் திருகோணமலையில் கண்கூடு. புறாத்தீவு 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. நாட்டில் மிகச் சிலவாகவே உள்ள கடல்சார் தேசியப் பூங்காக்களுள் அது ஒன்று. கடல்நீர் சூடேறும்போது பவளம் வெளிறுகிறது. ஆழமற்ற நீரில் நடக்கும் கால்கள் அதை உடைக்கின்றன. இயற்கையை நேசிக்கக் கற்றுக்கொடுக்கப் போகும் கூட்டமே அதைச் சிதைக்கவும் கூடும்.

தொலைவிலுள்ள காட்சி அருகிலுள்ளதை மறைத்துவிடலாம் என்பது இன்னொரு மறுப்பு. கிண்ணியாவைச் சூழ்ந்த களப்புகளிலும் கண்டல் காடுகளிலும் மீனும் இறாலும் குஞ்சுப் பருவத்தைக் கழிக்கின்றன. ஊரின் பல குடும்பங்களுடைய அடுப்பு அதனால் எரிகிறது. அதைப் பாடமாக்காமல் நுவரெலியாவின் குளிரை மட்டும் பாடமாக்கினால் இயற்கை என்பது வேறெங்கோ இருக்கும் பொருள் என்ற எண்ணமே பிள்ளையின் மனதில் பதியும்.

மூன்றாம் விடை: சந்திப்பே கல்வி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கேள்வியின் கோணம் மாறியது. அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஓல்போர்ட் 1954இல், வேறுபட்ட குழுக்கள் சந்திப்பதாலேயே பகைமை குறைந்துவிடாது என்றும், அதற்கு நான்கு நிபந்தனைகள் துணைசெய்யும் என்றும் வாதிட்டார். சந்திப்பவர்கள் சம நிலையில் இருக்க வேண்டும். பொது இலக்கு வேண்டும். அதற்காக ஒத்துழைக்க வேண்டும். அதிகாரத்தில் உள்ளோர் அதை வெளிப்படையாக ஆதரிக்க வேண்டும். மூன்று பெரும் போர்களில் மோதிய பிரான்சும் ஜெர்மனியும் 1963இல் எலிசே ஒப்பந்தத்தின் வழியே ஓர் இளைஞர் அலுவலகத்தை நிறுவின. இதுவரை எண்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட இளையோர் அதன் பரிமாற்றத் திட்டங்களில் பங்கெடுத்துள்ளனர்.

இலங்கைக்கு இந்த விடை மிக நெருக்கமானது. நம் பாடசாலைகள் மொழிவழியே பிரிந்திருக்கின்றன. தமிழ் மொழிமூலப் பாடசாலைகளுக்குள்ளும் முஸ்லிம் பாடசாலை, தமிழ்ப் பாடசாலை என்ற பிரிவு உண்டு. மூன்று சமூகங்களும் கலந்து வாழும் திருகோணமலை மாவட்டத்தில்கூட அவர்களின் பிள்ளைகள் ஒரே வாங்கில் அமராமலே வளர்வது இயல்பாகிவிட்டது. கல்வி அமைச்சு 2008இல் சமூக ஒருமைப்பாட்டுக்கும் சமாதானத்துக்குமான கல்வி பற்றிய தேசியக் கொள்கையை வெளியிட்டபோது, பாடசாலைகளுக்கிடையிலான உறவை அதில் ஓர் அங்கமாகச் சேர்த்தது இந்தப் பின்னணியில்தான்.

அதற்கு முன்பே கிழக்கில் ஒரு முயற்சி நடந்தது. மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா, போர் நடந்துகொண்டிருந்த நாள்களில் தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகளை பஸ்ஸில் அழைத்துவந்து மரமும் மண்ணும் கதையும் ஓவியமும் நிறைந்த ஒரு தோட்டத்தில் சேர்த்து விளையாட வைத்தது. அயலாரோடான உறவும் இயற்கையின் அணைப்பும் அங்கே ஒன்றாக அமைந்தன. கடல் கடந்த எந்தச் சுற்றுலாவோடும் ஒப்பிட்டு மதிக்கத்தக்க முன்னோடி அது.

இந்த விடைக்கும் மறுப்பு உண்டு. இனிமையான சந்திப்பு, பேசப்பட வேண்டிய அநீதிகளைப் பேசாமல் விட்டுவிடச் செய்யலாம். உளவியலாளர் தமார் சகுயும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொட்டது. நட்பான சந்திப்புக்குப் பின், வலுக் குறைந்த குழுவினர் மறுதரப்பிடம் நீதியை எதிர்பார்த்தனர். மறுதரப்பின் நடத்தை அந்த எதிர்பார்ப்புக்கு ஈடாகவில்லை. ஒன்றாக உண்டு, பாடி, படமெடுத்துத் திரும்பிய பின்னர் காணி, மொழி, இடப்பெயர்வு பற்றிய கேள்விகள் அப்படியே கிடக்குமானால் அந்தச் சந்திப்பின் பயன் குறுகியதே.

நான்காம் குரல்: யாருக்கு ஆதாயம்?

பயணத்தை ஐயத்தோடு பார்த்தவர்களில் இவான் இல்லிச் முக்கியமானவர். 1968இல் மெக்சிக்கோவின் குவெர்நவாக்காவில், ஏழைகளுக்குத் தொண்டு செய்ய வந்த அமெரிக்க மாணவரிடமே அவர், உதவ வேண்டாம், வேண்டுமானால் பார்க்கவும் கற்கவும் வாருங்கள் என்ற கருத்தில் பேசினார். வறுமையைக் காட்சிப் பொருளாக்கும் பயணங்கள் வருபவருக்கு அனுபவமும் சான்றிதழும் தருகின்றன; வரவேற்கும் ஊருக்கு என்ன தருகின்றன என்ற கேள்வி அப்போதிருந்து தொடர்கிறது. அதனோடு சூழல் கணக்கும் இன்று சேர்ந்துள்ளது. மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் விமானங்களின் பங்கு சுமார் இரண்டரை வீதம். இயற்கையைக் காக்கக் கற்கும் பயணம் அந்தச் சுமையைக் கூட்டுவதை எப்படி நியாயப்படுத்துவது என்று இளையோரே கேட்கிறார்கள்.

இலங்கையில் இந்தக் குரல் செலவைப் பற்றியதாக ஒலிக்கிறது. அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பின்னர் பாடநூலும் சீருடையும் இலவசமாயின. சுற்றுலாக் கட்டணம் மட்டும் பெரும்பாலும் பெற்றோரின் தலையிலேயே இருக்கிறது. மீன்பிடியையும் வயலையும் கூலியையும் நம்பிய குடும்பத்தில், பணம் கட்ட முடியாத பிள்ளை அன்று வீட்டில் நிற்கும். 2022இன் பொருளாதார நெருக்கடியும் எரிபொருள் தட்டுப்பாடும் இந்த இடைவெளியை மேலும் அகட்டியிருக்கும் என்று கருத இடமுண்டு. பெண்பிள்ளைகளை இரவுத் தங்கலுக்கு அனுப்பச் சில பெற்றோர் தயங்குவதும் இதோடு சேரும். தங்குமிடம், உணவு, தொழுகை வசதி, உடன் வரும் ஆசிரியைகள் ஆகியன முன்கூட்டியே தெளிவாக இருந்தால் அந்தத் தயக்கத்தில் ஒரு பகுதியேனும் குறையலாம்.

ஐந்தாம் குரல்: உயிர்ப் பாதுகாப்பு

2014 ஏப்ரல் 16ஆம் திகதி தென்கொரியாவின் சேவோல் கப்பல் மூழ்கியதில் 304 பேர் இறந்தனர். அவர்களில் 250 பேர் ஜெஜு தீவுக்குப் பாடசாலைச் சுற்றுலா போன மாணவர்கள். அரசு சுற்றுலாக்களைச் சிறிது காலம் நிறுத்தியது. பின்னர் ஆரம்பப் பாடசாலைகளில் உயிர்காப்பு நீச்சல் பயிற்சியை விரிவாக்கியது. பிரித்தானியாவில் 1993இல் லைம் குடாவில் நான்கு இளையோர் இறந்ததன் விளைவாக, வெளிக்களச் செயற்பாட்டு நிலையங்களுக்கு உரிமம் கோரும் சட்டம் 1995இல் வந்தது. இலங்கையில் 2023 ஜனவரியில் கல்விச் சுற்றுலா பஸ் ஒன்று நானுஓயாவில் விபத்துக்குள்ளானதில் எதிரே வந்த வாகனங்களில் இருந்த ஏழு பேர் உயிரிழந்தனர்.

கிண்ணியாவுக்கு இந்தத் துயரம் தூரத்துச் செய்தியன்று. பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த குறிஞ்சாக்கேணியில், மாற்று வழியாக ஓடிய மிதவைப் பாதை 2021 நவம்பர் 23ஆம் திகதி கவிழ்ந்தது. உயிரிழந்தவர்களில் பாடசாலைப் பிள்ளைகளும் இருந்தார்கள். அது சுற்றுலாவன்று, அன்றாடப் பள்ளிப் பயணம். நாளாந்தப் பாதையே பாதுகாப்பற்றிருக்கும்போது தூரப் பயணத்துக்கு மட்டும் விதிகளை இறுக்குவது பாதி வேலைதான். அதேவேளை, அச்சத்தால் சுற்றுலாவையே கைவிட்டால் வீட்டில் பயண வசதியில்லாத பிள்ளைகளே கூடுதலாக இழப்பர். தடை, அனுமதிக் கடிதம் ஆகியவற்றுக்கு அப்பால், நீச்சலும் முதலுதவியும் தகுதியான வாகனமும் பாதுகாப்பின் உள்ளடக்கமாக வேண்டும் என்பதே கொரிய அனுபவத்தின் படிப்பினை.

சான்றுகள் எவ்வளவு தூரம் துணைசெய்கின்றன?

கருத்துகள் ஏராளம், நம்பத்தக்க அளவீடுகள் குறைவு. அவற்றுள் சிலவற்றைக் குறிப்பிடலாம்.

அமெரிக்காவின் ஆர்கன்சாவில் 2011இல் ஓர் ஓவிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதைப் பார்க்க விண்ணப்பித்த பாடசாலைக் குழுக்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, ஏறத்தாழ 11,000 மாணவரை ஜே கிரீன் குழுவினர் ஆராய்ந்தனர். சென்று வந்த மாணவரிடம் கூர்ந்து நோக்கும் திறனும் பிறர் நிலையில் நின்று எண்ணும் பண்பும் சகிப்புணர்வும் கூடியிருந்தன. கிராமப்புற, வறிய மாணவர் பெற்ற பயன் மற்றவர்களதைவிட அதிகம். வாய்ப்புக் குறைந்தோருக்கே பயணம் கூடுதலாக உதவுகிறது என்ற இந்த முடிவு, பணம் கட்ட முடிந்தவர் மட்டும் போகும் நம் வழமையைக் கேள்விக்குள்ளாக்குகிறது.

இஸ்ரேலிய ஆய்வாளர் ஓரியனும் ஹோஃப்ஸ்டைனும் 1994இல், களப்பயணத்தில் கற்றல் நிகழ்வது முன் ஆயத்தத்தைப் பொறுத்தது என்று காட்டினர். பாடம், இடம், அன்றைய நாளின் ஒழுங்கு ஆகிய மூன்றும் அந்நியமாக இருந்தால் பிள்ளையின் கவனம் அவற்றிலேயே கரைந்துவிடும்.

அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர் சுமார் 1,300 பேரை, 61 அயல்நாட்டுத் திட்டங்களில் ஆராய்ந்த ஜோர்ஜ்டவுன் கூட்டாய்வு 2009இல் வெளியானது. வேற்றுப் பண்பாட்டுக்குள் மாணவரை இறக்கி விடுவது மட்டும் போதாது. அனுபவத்தைப் பொருள்கொள்ள உதவும் வழிகாட்டி உடனிருந்த இடங்களிலேயே தெளிவான வளர்ச்சி காணப்பட்டது என்பது அதன் முக்கிய முடிவு.

நான்காவது நம் நாட்டுக்குரியது. தீபக் மல்ஹோத்ராவும் சுமணசிறி லியனகேயும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, இலங்கையில் வெவ்வேறு இன இளையோர் நான்கு நாள் ஒன்றாகத் தங்கிய சமாதானப் பட்டறையை எடுத்துக்கொண்டது. ஓராண்டு கழித்தும், பங்கெடுக்காதவரைவிடப் பங்கெடுத்தவரிடம் மறு இனத்தார் மீதான பரிவு கூடியிருந்தது. மறு இன ஏழைச் சிறுவருக்கு அவர்கள் கொடுத்த நன்கொடையும் அதிகம். ஆய்வின் அளவு சிறியது. நாட்டின் சூழலும் அதன்பின் பலமுறை மாறிவிட்டது. ஆயினும் குறுகிய சந்திப்பின் தடம் உடனே அழிந்துவிடும் என்ற ஐயத்துக்கு இது ஓரளவு மறுமொழி.

தோமஸ் பெட்டிக்ரூவும் லிண்டா டிராப்பும் 2006இல் 515 ஆய்வுகளைத் தொகுத்து, குழுக்களிடையிலான சந்திப்பு பொதுவாக முற்சாய்வைக் குறைப்பதாகக் கண்டனர். அவர்களின் மற்றோர் ஆய்வு, சிறுபான்மையினரிடம் அந்த விளைவு பலவீனமானது என்றது. பெரும்பான்மையினர் மனம் மாறுவதையே வெற்றியாகக் கணக்கிடும் திட்டங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கிண்ணியாவிலிருந்து பார்க்கையில்

2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை திருகோணமலைக்குப் போக மக்கள் பாதைப் படகுக்குக் காத்திருந்தனர். பாலம் தூரத்தைச் சுருக்கியது. மனத்தொலைவைச் சுருக்கும் பணி பாடசாலைக்கு மீதமிருக்கிறது.

மேற்சொன்ன விடைகளை இங்கே பொருத்திப் பார்க்கலாம். கொட்டியாரக் குடாவில் கலக்கும் மகாவலி, மத்திய மலைநாட்டிலிருந்து 335 கிலோமீற்றர் ஓடி வருகிறது. கண்டிக்கும் பேராதனைப் பூங்காவுக்கும் போகும் வழமையான சுற்றுலாவையே ஆற்றைப் பின்தொடரும் பயணமாக மாற்றியமைக்க முடியும். பேராதனைப் பூங்காவைச் சுற்றி வளைவதும், பொல்கொல்லையில் திசை திருப்பப்படுவதும், விக்டோரியா அணையில் தேங்குவதும் ஊரின் குடாவுக்கு வரும் அதே ஆறுதான். அணைகளுக்குப் பின் கழிமுகத்துக்கு வரும் நீரும் வண்டலும் எப்படி மாறின என்ற கேள்வியோடு புறப்படும் மாணவருக்கு, மலையகத் தோட்டத் தொழிலாளரும் சிங்கள விவசாயிகளும் ஒரே நீரின் பங்காளிகளாகத் தெரிவார்கள்.

பண்பாட்டுக்கும் அயலிலேயே வழியுண்டு. திருகோணமலைக்கு வடமேற்கே உள்ள வெல்கம் விகாரை சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்றது. பௌத்தப் பள்ளிக்கு அளிக்கப்பட்ட கொடைகளைத் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே பதிவு செய்துள்ளன. பௌத்தம் சிங்களவருக்கு மட்டும், தமிழ் சைவத்துக்கு மட்டும் என்ற எளிய பிரிப்பு அங்கே நிற்காது. கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள காலிக் கல்வெட்டு 1409ஆம் ஆண்டு தேதியிட்டது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேவோடு தொடர்புடைய அக்கல், சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் புத்தருக்கும் விஷ்ணுவின் அவதார தெய்வத்துக்கும் இறைவனுக்கும் அளித்த காணிக்கைகளைச் சொல்கிறது.

கன்னியா வெந்நீர்க் கிணறுகள் கடினமான உதாரணம். அந்த இடத்தின் வரலாறும் உரிமையும் குறித்துச் சைவருக்கும் பௌத்த தரப்பினருக்கும் இடையே சர்ச்சை உள்ளது. அதைச் சொல்லாமல் பிள்ளைகளைக் கிணற்று நீரில் நனையவிட்டுத் திரும்புவது எளிது. இரு தரப்பின் கூற்றையும் சான்றையும் மாணவர் கேட்டு எடைபோடுவது கல்வி. இதற்கு ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும், அதிபரின் துணை வேண்டும், வலயக் கல்விப் பணிமனையின் ஆதரவும் வேண்டும். ஓல்போர்ட் வைத்த நான்காவது நிபந்தனை இங்கே மிக நடைமுறையான பொருள் பெறுகிறது.

இன்னொன்று, வரவேற்பதும் கல்வியே. கிண்ணியா மாணவர் வேறிடம் போவதோடு, வேறு பாடசாலைகளின் மாணவரும் கிண்ணியாவுக்கு வந்து இங்குள்ள குடும்பங்களோடு உண்டு, களப்பையும் வயலையும் பள்ளிவாசலையும் இவ்வூர்ப் பிள்ளைகளின் விளக்கத்தோடு காண வேண்டும். போவதும் வருவதும் மாறிமாறி நடக்கையில்தான் சமநிலை உருவாகும். ஒரு பக்கம் எப்போதும் பார்வையாளராகவும் மறுபக்கம் எப்போதும் காட்சியாகவும் இருக்கும் ஏற்பாடு, தூரம் எவ்வளவாயினும் இல்லிச் சொன்ன குறைக்குள்ளேயே அகப்படும்.

மதிப்பீடு

இதுவரையான விவாதத்தில் ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை மூன்று. பயணத்தின் கல்விப் பயனைத் தீர்மானிப்பதில் தொலைவைவிட ஆயத்தமும் வழிகாட்டலும் பின்னுரையாடலும் கூடுதல் பங்கு வகிக்கின்றன. சம நிலையில் பொதுப் பணியோடு நிகழும் சந்திப்பு, வேடிக்கை பார்ப்பதைவிடப் பயன் தருகிறது. வாய்ப்புக் குறைந்த பிள்ளைகளே அதிகம் பெறுகின்றனர்; ஆகவே கட்டணம் அவர்களை விலக்கும் ஏற்பாடு கல்வி நோக்கிலும் தவறானது.

தீராத கேள்விகளும் மூன்று உண்டு. ஒரு பயணத்தின் தாக்கம் வளர்ந்தபின் வாழ்வில் எவ்வளவு காலம் நிற்கிறது? நட்பை வளர்க்கும் சந்திப்பு நீதி பற்றிய உரையாடலையும் தாங்குமா, அல்லது அதைத் தள்ளிப்போடுமா? உள்ளூரில் தொடரும் சிறு பயணங்கள் பல சேர்ந்து ஒரு நெடும்பயணத்துக்கு ஈடாகுமா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்று சொல்லக் காரணங்கள் உள்ளன. ஆனால் நம் பாடசாலைகளிலேயே அதைச் சோதித்த தொடர் ஆய்வு வேண்டும். அதைத் தொடங்கப் பெரும் நிதி தேவையில்லை. ஒவ்வொரு சுற்றுலாவிலும் யார் போனார்கள், யார் போக முடியவில்லை, முன்னும் பின்னும் மாணவர் என்ன எழுதினார்கள் என்பதை ஒழுங்காகப் பதிந்து, சில ஆண்டுகள் கழித்து அதே மாணவரிடம் மீண்டும் கேட்டாலே போதும். அயலாரை அறியும் வாய்ப்பைப் பிள்ளையின் உரிமையாகக் கருதினால், பாடநூலைப் போலவும் சீருடையைப் போலவும் அதற்கான செலவையும் அரசு ஏற்கத்தான் வேண்டும்.